நீலத்திரைக்கு நூற்றுக்கு நூறு

தவறே செய்யாத மனிதன் உலகத்தில் உண்டா என்று ஞானிகள் காலங்காலமாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு விலாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். வாணியம்பாடியில் இறங்கி உமர் ஃபாரூக் வீடு எது என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். ஒளிபரப்புத் துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி, ஒரு புகாரோ ஒரு தண்டனையோ இல்லாமல் ஓய்வு பெற்றவன் நான். அதற்காகக் கொடுத்த கேடயம் கூடத்து அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. என் மனைவி பத்ருன்னிசா அதை வாரம் தவறாமல் துடைக்கிறாள். துடைக்கும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பெருமிதம் என்றே நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இளைய தலைமுறைக்குப் பயன்படட்டும் என்று என் வெற்றியின் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளில் யாரிடமும் நான் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. ‘சரி’ என்றும் சொன்னதில்லை. கீழேயிருந்து ஒரு கோப்பு வந்தால் ‘மேலான பரிசீலனைக்கு’ என்று மேலே அனுப்புவேன். மேலேயிருந்து வந்தால் ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று கீழே அனுப்புவேன். நடுவில் உமர் ஃபாரூக் என்று ஒருவன் உட்கார்ந்திருந்தான் என்பதற்குத் தடயமே இராது. காற்றைப் போல வேலை பார்த்தவன் நான். மின்விசிறிக் காற்று அல்ல. அது சத்தம் போடும்.

இப்பேர்ப்பட்டவனை ‘அனலாக்–டிஜிட்டல் ஒளிபரப்புத் தர ஒப்பீட்டுக் குழு’வுக்குச் செயலாளராகப் போட்டதில் வியப்பில்லை. விஷயம் இதுதான். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுக்கு மேலே ஒரு குன்றின் உச்சியில், துறைக்குச் சொந்தமான சின்னக் கோபுரம் ஒன்று இருந்தது. பழைய அனலாக் முறையில் படம் அனுப்பும். மலைக் கிராமங்கள் கூரைமேல் ஆன்டெனா நட்டு அதைப் பார்த்து வந்தன. இப்போது கீழே சமவெளியில் டிஜிட்டல் முறையில் புதுக் கோபுரம் நட்டாகிவிட்டது. இனி மலைக் கோபுரம் தேவையா, மூடிவிடலாமா? இரண்டு டிவியை வைத்து ஒரு பார்வை பார்த்தால் யாரும் சொல்லிவிடலாம். ஆனால் வெறும் கண்ணால் பார்த்து முடிவு செய்வது அறிவியல் ஆகாது என்பதால் குழு போடப்பட்டது.

குழுவின் தலைவர் ஜெபகுமாரி மேடம், துணை இயக்குநர். உறுப்பினர்கள் வேறு யாரும் இல்லை. ஆகவே எங்கள் தீர்மானங்கள் எல்லாம் ஒருமனதாகவே நிறைவேறின. மேடம் தீர்மானிப்பார், எனக்கு மனது கிடையாது.

மதிப்பெண் திட்டத்தை இயற்றியவன் மட்டும் நான்தான். அதை என் வாழ்நாள் சாதனை என்பேன். முதலில் இரண்டு முறைகளுக்கும் நூறு நூறு மதிப்பெண் கொடுத்துவிட வேண்டும். பிறகு திரையில் காணும் குறைகளுக்காகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். குறைகள் ஐந்து: புள்ளி, நிழல், கோடு, நடுக்கம், இரைச்சல். நல்லதற்கு மதிப்பெண் கொடுக்கலாமே என்று மேடம் ஒருமுறை கேட்டார்.

“நல்லதுன்னா எது நல்லதுன்னு கேள்வி வரும் மேடம். அப்புறம் நாம பதில் சொல்லணும். குறையை எண்ணுனா அந்தப் பிரச்சனை இல்ல” என்றேன்.

மேடம் என்னை மரியாதையோடு பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே இன்னொரு விதியையும் சேர்த்தேன். இரண்டு டிவியும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. ஒன்றைப் பார்த்த கண்ணால் இன்னொன்றுக்கு மதிப்பெண் போடுவது நடுநிலைக்கு விரோதம். ஆகவே முறை வைத்து, பத்துப் பத்து நிமிடம் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். இதுதான் பின்னாளில் துறை முழுவதும் புகழ்பெற்ற ‘ஏழாம் விதி’.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் மலை ஏறினோம். இரண்டு டிவி, ஒரு டிஜிட்டல் பெட்டி, ஆன்டெனாக்கள், வாணியம்பாடிப் பிரியாணி ஒரு தூக்கு. புதூர்நாட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரின் சமுதாயக் கூடத்தில் சோதனை. போய்ப் பார்த்தால் கூடம் நிறைய ஜனம். புளியமரத்தடியிலும் ஆட்கள். ஒளிபரப்புத் தரத்தில் மலைவாழ் மக்களுக்கு இத்தனை அக்கறையா என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

“குழுவைப் பாக்கவா வந்திருக்கீங்க?” என்று மேடம் கனிவோடு கேட்டார்.

முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பெண்மணி எழுந்தார். மாதம்மாள் என்று பெயர். சாமைக் கொல்லையிலிருந்து நேராக வந்தவர் போலக் காலில் செம்மண் ஒட்டியிருந்தது.

“இல்லீங்க மேடம். எம் பொண்ணு ரேணுகாதேவி இன்னிக்கு ஓடுது. புவனேஸ்வர்ல. மூவாயிரம் மீட்டரு. டிவில நேரா காட்டுறாங்களாம். ஊர்ல இருந்த டிவிங்க எல்லாம் போன வாரம் இடியில பூடுச்சு. நீங்க டிவி எடுத்தாறீங்கன்னு சொன்னாங்க, அதான் எல்லாரும் வந்துட்டோம்.”

“நாங்க நிகழ்ச்சி காட்ட வரலம்மா, தரம் பாக்க வந்திருக்கோம்” என்று நான் விளக்கினேன்.

“பாருங்க சார். நீங்க தரத்தப் பாருங்க, நாங்க பொண்ணப் பாக்குறோம். அது ஓடி நான் ஒரு தபாகூட பாத்தது இல்ல. போன வருசம் காட்டுனப்ப ஓடறதுக்குள்ள கரண்டு பூடுச்சு.”

ஆட்சேபிக்க விதி எதுவும் இல்லை. அனுமதிக்கவும் விதி இல்லை. ஆகவே நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

அனலாக் முறைக்கு முதல் வாய்ப்பு. மாதம்மாளின் தம்பி ரங்கசாமி ஆன்டெனாவோடு கூரைமேல் ஏறினார். அங்கிருந்து அவர் திருப்ப, ஜன்னலிலிருந்து மாதம்மாள் குரல் கொடுக்க, படம் தேடும் படலம் தொடங்கியது.

“தெரியுதா?”

“இல்ல. கொஞ்சம் கெயக்க திருப்பு.”

“இப்ப?”

“சத்தம் வருது, ஆள் வரல.”

“இப்ப?”

“வந்துச்சு, வந்துச்சு. அப்டியே நில்லு.”

கம்பத்தை ரங்கசாமி கையால் பிடித்திருந்தால் படம் வந்தது, விட்டால் போனது. இது குழுவுக்குப் பெரிய நெருக்கடியை உண்டாக்கியது. ரங்கசாமி மனிதரா, ஆன்டெனாவின் பகுதியா? மனிதர் என்றால் சோதனையில் வெளியாள் தலையீடு. ஆன்டெனா என்றால் அவர் பெயர் உபகரணப் பட்டியலில் இல்லை. பிரியாணித் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு குழு அவசரக் கூட்டம் நடத்தியது. ‘துணை உபகரணம்’ என்று மேடம் தீர்ப்பளித்தார். உபகரணத்துக்குச் சாப்பாடு அனுமதியில்லை என்பதால் அவருக்குப் பிரியாணி அனுப்பவில்லை.

கைக்கடிகாரத்தில் அனலாக்கின் பத்து நிமிடத்தை வைத்தேன். ஓட்டம் தொடங்கியது. திரையில் மாவு சலித்தது போலப் புள்ளிகள் கொட்டின. புள்ளிக்காக எட்டு மதிப்பெண் கழித்தேன். குறுக்கே கோடு ஓடியது. கழித்தேன். ஒவ்வொரு ஓட்டக்காரிக்கும் பக்கத்தில் இன்னொரு வெளிறிய ஓட்டக்காரி ஒட்டிக்கொண்டே ஓடினாள். இதற்கு எங்கள் மொழியில் நிழல் என்று பெயர். மிகக் கடுமையான குறை. பன்னிரண்டு கழித்தேன்.

“தோ, எம் பொண்ணு” என்றார் மாதம்மாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பதினைந்து சாம்பல் நிறப் பெண்களும் அவர்களுடைய பதினைந்து ஆவிகளும்தான். “எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“எடது முட்டிக்கையை வெளிய தள்ளிக்கினு ஓடுது பாருங்க. சின்னதுலேர்ந்து அப்டித்தான். ஆனா இன்னா சார் இது, ரெண்டு ரேணுகா ஓடுது?”

“ஒண்ணு நிழல்மா. பெரிய குறை அது.”

“இருக்கட்டும் சார். மொத ரெண்டு எடமும் எம் பொண்ணுக்கேன்னு வெச்சிக்கலாம்.”

கூடமே சிரித்தது. சிரிப்பினால் தொலைக்காட்சியின் ஒலியை அளக்க முடியாமல் போனது. இரைச்சல் என்று எழுதி அதற்கும் கழித்தேன்.

கூரையிலிருந்து ரங்கசாமி கத்தினார். “எத்தினியாவதா ஓடுது?”

“நாலாவது. பூ மாதிரி ஓடுது. நீ ஆடாத.”

சுற்றுகள் போயின. ரேணுகாதேவி மூன்றாவதாக வந்தாள், இரண்டாவதாக வந்தாள். கூடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மாதம்மாள் இரண்டு கையையும் டிவியின் இரு பக்கமும் வைத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்தைப் பிடித்துப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். அதே கணத்தில் என் கைக்கடிகாரமும் அடித்தது. அனலாக்கின் முறை முடிந்தது.

சாதாரண ஊழியன் என்றால் இந்த இடத்தில் தடுமாறியிருப்பான். நான் எழுந்து டிவியின் சுவிட்சில் கை வைத்தேன்.

“சார், சார்” என்றார் மாதம்மாள். “ஒரே ஒரு சுத்துதான் சார் பாக்கி. ஒரு நிமிசம் இருங்க சார். உங்களுக்குப் புண்ணியமா போவும்.”

“அந்த டிவியிலயும் இதே ஓட்டம்தாம்மா வரும். இன்னும் தெளிவா வரும்.”

“வரலன்னா?”

“வரலன்னா அதையும் எழுதிக்குவோம்.”

அவர் என் கையைப் பிடிக்க வந்து, சட்டென்று பிடிக்காமல் நிறுத்திக்கொண்டார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். விதி என்னுடையது, அதை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவருடையது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் எதையும் நிறுத்தி வைக்கவில்லை. நான் சுவிட்சைத் தட்டினேன். இரண்டு ரேணுகாக்களும் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தார்கள்.

டிஜிட்டல் டிவி ஒளிர்ந்தது. என்ன தெளிவு, என்ன நிறம். சிவப்புத் தடம், பச்சைப் புல், ரேணுகாதேவியின் நெற்றியில் வழிந்த வேர்வைத் துளி வரைக்கும் தெரிந்தது. கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மாதம்மாளின் முகம் மலர்ந்ததை நானே பார்த்தேன். அறிவியலின் வெற்றி என்று குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தேன்.

வளைவில் திரும்பும்போது ரேணுகாதேவியின் ஒரு கால் தரையை விட்டு எழும்பியது. எழும்பிய கால் எழும்பியபடியே நின்றது. படம் உறைந்துவிட்டது. காற்றடித்ததோ, மேகம் வந்ததோ, நடுவில் நின்ற மலைதான் அப்போது விழித்துக்கொண்டதோ, யாருக்குத் தெரியும். நடுக்கம் என்ற தலைப்பின் கீழ், ‘அறவே இல்லை, ஓடுகிறவரையும் அசையாமல் காட்டுகிறது’ என்று எழுதினேன்.

பிறகு முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. கண் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். கட்டம் என்பது என் ஐந்து குறைகளில் இல்லை. பட்டியலில் இல்லாதது குறை ஆகாது. கழிக்கவில்லை. பிறகு அதுவும் போய், திரை முழுவதும் நீலம் பரவியது. நடுவில் ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பு, மிகத் தெளிவான எழுத்துகளில்.

நான் கடமையைச் செய்தேன். புள்ளி உண்டா? இல்லை. நிழல்? இல்லை. கோடு, நடுக்கம், இரைச்சல்? இல்லை, இல்லை, இல்லை. பளிங்கு போன்ற நீலம். நூற்றுக்கு நூறு.

“அத மறுபடி போடுங்க சார்” என்று மாதம்மாள் பழைய டிவியைக் காட்டினார். “அதுல ரெண்டா தெரிஞ்சாலும் தெரிஞ்சுது சார்.”

“இதுக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கும்மா.”

கூரைமேலிருந்து குரல் கேட்டது. டிவியை அணைத்த செய்தியை ரங்கசாமிக்கு யாரும் சொல்லவில்லை. உச்சி வெயிலில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றுகொண்டே இருந்தார்.

“இப்ப தெரியுதா?” என்றார்.

இன்னும் கொஞ்சம் கிழக்கே திருப்பியிருப்பார் போல.

“இப்ப?” என்றார்.

எட்டு நிமிடம் கழித்து முறைப்படி பழைய டிவியைப் போட்டபோது, அதில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் இரண்டிரண்டாகத்தான் தெரிந்தது. கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. உபகரணங்களை ஜீப்பில் ஏற்றும்போது மாதம்மாள் என்னிடம் வந்தார்.

“நீங்க கிட்ட குந்திக்கினு இருந்தீங்களே சார். படம் நிக்கிறப்ப அது கால் ஒரு மாதிரி கோணலா இருந்துச்சா? வுழுந்துச்சா, இன்னா ஆச்சு?”

“படத்துல குறை ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.

“படம் இல்ல சார். பொண்ணு.”

பெண்ணைப் பார்ப்பது குழுவின் பணி வரம்பில் வரவில்லை. போன் பண்ணலாம் என்றால் அங்கே செல்போனுக்கும் சிக்னல் இல்லை. மலைப்பாதையின் கடைசி வளைவுக்குப் போக வேண்டும். ரங்கசாமி செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார். வழியில் நாங்கள் அவரைத் தாண்டிப் போனோம். ஜீப்பில் இடம் இருந்தது. துணை உபகரணம் என்பதால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாமா என்று மேடத்திடம் கேட்க நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் வளைவு வந்துவிட்டது.

அறிக்கை மேலே போனது. அனலாக் முப்பத்தொன்று, டிஜிட்டல் நூறு. தலைமையகம் அசந்துபோனது. நாட்டிலேயே எந்த ஊரிலும் டிஜிட்டல் நூறு வாங்கியதில்லையாம். சிக்னல் கிடைத்த இடங்களில் எல்லாம் ஏதாவது ஒரு குறை தென்பட்டுவிடுகிறதாம். மலைக் கோபுரத்தை மூட உத்தரவு வந்தது. மூடிய பிறகு மலையிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. புகார் எண்ணைத் திரையின் அடியில் ஓடவிட்டிருந்தோம். அது அங்கே தெரியாது.

அதே சமுதாயக் கூடத்தில் ‘குறையற்ற ஒளிபரப்புத் தொடக்க விழா’ ஏற்பாடானது. அந்த மாதமே நான் ஓய்வு பெறுவதால் எனக்கான கேடயத்தையும் அங்கேயே கொடுத்துவிடலாம் என்று மேடம் தீர்மானித்தார். செலவு மிச்சம். சிறப்பு விருந்தினர், ஊரின் பெருமை ரேணுகாதேவி.

அவளை அப்போதுதான் நேரில் பார்த்தேன். ஒற்றையாகத்தான் இருந்தாள். முழங்காலில் ஆறிய காயத்தின் பெரிய தழும்பு. விழா தொடங்குமுன் டீ குடித்துக்கொண்டே கேட்டாள்.

“சார், அன்னிக்கு இந்த டிவிக்கு நூத்துக்கு நூறு குடுத்தீங்களாமே. எப்டி சார் மார்க்கு போட்டீங்க?”

இளைய தலைமுறையின் ஆர்வத்தை நான் என்றும் மதிப்பவன். ஐந்து குறைகளையும் கழித்தல் முறையையும் விளக்கினேன். நல்லதற்கு மதிப்பெண் கொடுத்தால் வரும் ஆபத்தையும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பக்கத்தில் மாதம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ரேணுகாதேவி பொத்தானை அழுத்தினாள். திரையில் நீலம் பரவியது. ‘சிக்னல் இல்லை.’ மேடம் கை தட்டினார். நான் தட்டினேன். கீழே தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அடுத்து மேடம் என் பாராட்டிதழை வாசித்தார். “முப்பது ஆண்டுப் பணியில் இவர்மீது ஒரு புகார் இல்லை. ஒரு தவறான முடிவு இல்லை. ஒரு கண்டனம் இல்லை. ஒரு வழக்கு இல்லை. ஒரு தாமதக் குறிப்புகூட இல்லை.” எனக்குக் கண் கலங்கியது. மேடம் வாசிக்க வாசிக்க, அந்த ‘இல்லை’களை இதற்கு முன் வேறு எங்கோ, என் பேனாவாலேயே எழுதியது போல ஒரு ஞாபகம் வந்தது. வயசாகிறது என்று தள்ளிவிட்டேன்.

கேடயத்தை ரேணுகாதேவியின் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பளபளவென்று தங்க முலாம். அவள் மைக்குக்கு முன்னால் வந்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். கடைசி சுத்துல, வளைவுல எனக்குக் கால் மடங்கிப் போச்சு. வுழுந்துட்டேன். முட்டி கிழிஞ்சு ரத்தம். எழுந்து ஓடி மூணாவதா வந்தேன். எங்கம்மா அதப் பாக்கல. சார்கிட்ட இப்பதான் கணக்கு கத்துக்கினேன். வுழுந்ததுக்குக் கழிச்சு, கோட்டுல கால் வெச்சதுக்குக் கழிச்சு, கைய வெளிய தள்ளுனதுக்குக் கழிச்சா எனக்கு ஒண்ணும் மிஞ்சாதுங்க. அன்னிக்கு எங்க டீம்ல ஒருத்தி ஓடவே இல்ல, பெஞ்சுல குந்திக்கினு இருந்தா. வுழல, தடுமாறல, வேர்க்கக்கூட இல்ல. சார் கணக்குப்படி அவளுக்குத்தான் தங்கம்.”

அவள் என் பக்கம் திரும்பிக் கேடயத்தை நீட்டினாள். குரலில் கோபம் இல்லை, கேலிகூட இல்லை. பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதைதான் இருந்தது.

“புடிங்க சார்” என்றாள். “தங்கம்.”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.